அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டியது

உக்காருங்க தம்பி. அதுல வேண்டாம், அந்த நாற்காலிக்குக் கால் ஆடும். இதுல உக்காருங்க. தொண்டைங்களா? பேசாதீங்க, பேசாதீங்க. மஃப்ளரைப் பாத்தாலே தெரியுதே. ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருப்பாரு. தலைய மட்டும் ஆட்டுங்க, போதும். நமக்கு முன்னால இன்னும் நாலஞ்சு பேரு இருக்காங்க, நேரமாகும். நானும் எச்சாப் பேசற ஆளு இல்லீங்க. பேச்சுல சிக்கனம்.

சிரிக்காதீங்க, தொண்டை வலிக்கும். நெசமாத்தான் சொல்றேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல மைக்குல சொல்லிட்டிருந்தவன் நாந்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. உடுமலை, மடத்துக்குளம் வழியாகப் பழனி செல்லும் பேருந்து..." கேட்ட குரலாட்ட இருக்குதுங்களா? எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. மருதாசலம்னு பேரு. அத்தனை வருசம் மைக்கு முன்னால உக்காந்து ஒரு வார்த்தை வீணாப் பேசுனதில்ல. பஸ்ஸு, வழி, போற ஊரு. அவ்வளவுதான். பழனி பஸ்ஸைச் சொல்றப்ப மட்டும் பஞ்சாமிர்தத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சேத்துக்குவேன். அதுக்கு மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டாரு. அது வீண் பேச்சில்லீங்க, தகவல்.

ரிட்டையர்டு ஆனதுக்கப்பறம் வீட்டுல நானும் எங்கூட்டுக்காரியும் மட்டுந்தான். பொண்ணைக் கட்டிக் குடுத்து அவ ஓசூர்ல இருக்கறா. எங்கூட்டுக்காரி பேரு தெய்வானை. மருதாசலத்துக்குத் தெய்வானைன்னு, பேரைப் பாத்தே கட்டி வெச்சுட்டாங்க. வெகு அமைதிங்க அவ. பேசவே மாட்டா. உடுமலை டெலிபோன் ஆபீசுல வேலை பாத்தவ. அந்தக் காலத்துல கம்பியைச் சொருகி லைன் குடுப்பாங்கல்ல, அந்த வேலை. காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு "பேசுங்க"ன்னு அடுத்தவங்களைப் பாத்துச் சொல்றது. இதெல்லாம் ஒரு வேலையான்னு நானே அவகிட்டக் கேட்டிருக்கேன். "சரிதானுங்க"ன்னுட்டா.

எனக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாதுங்க. வெத்தலை பாக்கு கூட இல்ல. காலையில காப்பி குடிக்கறப்ப மட்டும் அவளுக்கு ஒரு வாழ்க்கைப் பாடம் சொல்லுவேன். நாம பாத்த உலகம் அவளுக்கும் தெரியட்டும்னுதான். "தெய்வானை, வாழ்க்கைங்கறது ஒரு பஸ் ஸ்டாண்டு. ஏறறவன் ஏறுவான், எறங்கறவன் எறங்குவான், மைக்கு மட்டும் அங்கயே இருக்கும்." நல்லா இருக்குதுங்களா? நானே யோசிச்சது. அவ "சரிங்க"ம்பா. அப்பறம் மனுசன் தன்னைத்தான் அறியறது பத்தி. அது கொஞ்சம் பெரிய பாடம், குளிக்கப் போற வரைக்கும் போகும். குளிக்கறப்பவும் கதவுக்கு இந்தப் பக்கம் கேக்கற மாதிரி சொல்லிட்டிருப்பேன். அவ "இட்லி ஆறுது"ம்பா. அப்பறம் மத்தியானம் செய்தித்தாள்ல வந்தது, சாயங்காலம் ரோட்டுல பாத்தது. இப்படி ஒரு குறையும் இல்லாம ஓடிட்டிருந்துச்சு.

இந்தத் தைப் பொங்கல் நோம்பி கழிஞ்சு ஒரு நாள், நான் சின்னச் சின்ன சந்தோசங்களைப் பத்திப் பாடம் சொல்லிட்டிருக்கேன், அவ நடுவுல, அஞ்சு நாள் மௌன முகாமுக்குப் போறேன்னு சொன்னா. வேட்டைக்காரன்புதூர் தாண்டி ஒரு தென்னந்தோப்புல நடத்தறாங்களாம். அஞ்சு நாளும் யாரும் பேசக்கூடாதாம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பேசவே பேசாதவ பேசாம இருக்கறதுக்கு முகாம் போறாளாம். மீனு நீச்சல் கத்துக்கப் போற கணக்கா. அதைச் சொல்லிக் காட்டுனேன். அவ சிரிக்கல.

அன்னிக்கே பொண்ணுகூட போன்ல பேசிட்டிருந்தா. நான் ஒட்டுக் கேக்கறவன் இல்லீங்க, கதவுகிட்ட நின்னிட்டிருந்தேன், காதுல விழுந்துச்சு. அந்த முகாம்ல சமையக்கட்டுக்கு ஆள் வேணுமாம், தங்கறதுக்கு ரூம் குடுக்கறாங்களாம், புடிச்சிருந்தா நான் அங்கயே இருந்துக்கலாம்னு பாக்கறேங்கறா. பொண்ணு என்ன சொன்னான்னு கேக்கல. இவ மட்டும் "அப்பாவுக்கு என்ன, அவருக்கு அவரு இருக்காரு"ன்னா.

எனக்கு அது புரியவே இல்லீங்க. நானும் வர்றேன்னுட்டேன். தனியா பஸ் ஏறிப் பழக்கமில்லாதவளை எப்படி அனுப்பறது? உடுமலைக்குத் தெனமும் ஏறிப் போயிட்டு வந்தவதான், ஆனா அது ஆபீசு, அது வேற.

முகாமை நடத்தறது மங்கையர்க்கரசின்னு ஒரு அம்மா. காலேஜுல பாடம் சொல்லிக் குடுத்தவங்களாம். கையில சின்னதா ஒரு வெங்கல மணி. அந்த அம்மா விதியெல்லாம் சொன்னாங்க. மணி அடிச்சதுலருந்து பேச்சில்ல. சைகையும் கூடாது. புருசன் பொண்டாட்டின்னா தனித்தனியா உக்காரோணும். ஏதாச்சும் அவசரம்னா அந்த அம்மா ரூமுக்குப் போயி மெதுவாச் சொல்லலாம். சொல்லிட்டு மணிய அடிச்சாங்க. டிங்குன்னு ஒரு சத்தம், அப்பறம் காக்காச் சத்தம்தான்.

நான் விதிப்படி கப்சிப்புன்னு உக்காந்துட்டேன். எனக்குப் பக்கத்துல ஒரு ரைஸ்மில்காரரு, பெரிய மீசை. அவரு கொஞ்சம் லேட்டா வந்தவரு, பாவம் விதி தெரியாம எதாச்சும் பேசிட்டாருன்னா? அதனால அவருகிட்ட மெதுவா, பேசக்கூடாதுங்கன்னு சொன்னேன். அவரு தலையாட்டுனாரு. சைகையும் கூடாதுங்க, தலையாட்டறதும் சைகைதான்னு சொன்னேன். அவரு என்னை மொறைச்சாரு. மொறைக்கறதும் ஒரு வகையில சைகைதான்னு சொல்லிட்டிருக்கறப்ப டிங்குன்னாங்க. எனக்கு மெதுவான குரல்னா அது பஸ் ஸ்டாண்டு அளவுக்கு மெதுவான குரல். ஒவ்வொருத்தருக்கும் ஒரு அளவு இருக்குமல்லங்க?

மறுநாள் மத்தியானம்தான் கொஞ்சம் சங்கடமாப் போச்சு. சாப்பாடு ஆனதுக்கப்பறம் எல்லாரையும் ஹால்ல கண்ணை மூடி உக்கார வெச்சாங்க. நல்ல காத்து, தென்னை மட்டைச் சத்தம், வயிறு நெறையச் சோறு. நான் தியானத்துல ஆழமாப் போயிட்டேன். தூங்கலீங்க, ஆழமாப் போயிட்டேன். அந்நேரம் பாத்து ரோட்டுல ஒரு பஸ்ஸு ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு. அவ்வளவுதான் தெரியும் எனக்கு. மத்தது மத்தவங்க சொல்லித்தான் தெரியும். நான் நிமிந்து உக்காந்து, கண்ணைத் தொறக்காம, மைக்கே இல்லாம, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு ஆரம்பிச்சு உடுமலை, மடத்துக்குளம், பழனின்னு முழுசாச் சொல்லி, "படியில் நின்று பயணம் செய்யாதீர்கள்"ங்கற வரைக்கும் சொல்லி முடிச்சனாம். ரைஸ்மில்காரரு கண்ணை மூடுன மேனிக்கே பையத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டாரு. பாருங்க, அந்த அளவுக்கு நம்ம குரலுக்கு ஒரு நம்பிக்கை.

அந்த அம்மா என்னை ரூமுக்குக் கூப்பிட்டாங்க. திட்டல. உங்களுக்குப் பேசோணும்னு தோணுச்சுன்னா தோப்போட அந்தக் கடைசில கெணத்துப் பக்கம் போயி பேசிட்டு வாங்க, அங்க யாருக்கும் கேக்காதுன்னாங்க. எனக்கு மட்டும் தனிச் சலுகை. வேற யாருக்கும் குடுக்கல.

கெணத்துப் பக்கம் ஒரு மாடு கட்டியிருந்துச்சு. முகாமுக்குப் பால் அதுதான். நல்ல மாடு, கண்ணு ரெண்டும் பெருசு பெருசா. இவ்வளவு அமைதியாக் கேக்கற ஜீவனை நான் பாத்ததில்லீங்க. அதுகிட்ட அன்னிக்குச் சாயங்காலம் தன்னை அறியறது பத்தி முழுப் பாடத்தையும் சொன்னேன். நடுவுல எந்திரிச்சு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குச்சு. நான் அந்தப் பக்கம் போயி மிச்சத்தைச் சொன்னேன். மறுநாள் பால் குறைஞ்சுபோச்சுன்னு சமையக்காரம்மா அந்த அம்மாகிட்ட முறையிட்டாங்களாம். பச்சைத் தீவனம் பத்தலீன்னா குறையத்தான் செய்யும். அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல.

ஆனா தம்பி, எனக்குக் கவலையெல்லாம் தெய்வானைய நினைச்சுத்தான். தூரத்துல இருந்து பாத்துட்டே இருந்தேன். அவ நடவடிக்கையே சரியில்ல. ஒரு பலாமரத்தடியில ஈரோட்டுக்காரம்மா ஒருத்திகூட உக்காந்திருந்தா. ரெண்டு பேரும் பேசல. ஒரு அணில் பலாப்பிஞ்சை மோந்து பாத்துட்டுத் தும்மிச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. அப்பறம் சிரிக்கறாங்க. சத்தமில்ல, தோளு மட்டும் குலுங்குது. தெய்வானை முந்தானைய எடுத்து வாயில வெச்சுக்கிட்டா, கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க. நானும் எத்தனையோ நகைச்சுவை சொல்லியிருக்கேன். எல்லாத்துக்கும் "சரிங்க"தான்.

சாப்பாட்டுலயும் அப்படித்தான். வீட்டுல அவ நின்னுட்டே திம்பா, நான் பேசிட்டிருப்பேன்ல, அடுப்புக்கும் டேபிளுக்கும் நடந்துட்டே இருப்பா. இங்க சம்மணம் போட்டு உக்காந்து, கண்ணை மூடி, ஒவ்வொரு வாயா, வெரல்ல ஒட்டுன சட்னி வரைக்கும் விடாமத் திங்கறா. மூணாம் நாள் பருப்புப் பாயசம் ஊத்துனாங்க. ரெண்டாம் தரம் டம்ளரை நீட்டறா. அவளுக்கு இனிப்பே புடிக்காதுங்க. எந்த விருந்துக்குப் போனாலும், "எங்கூட்டுக்காரிக்கு இனிப்பு வெக்காதீங்க, அவளுக்கு ஆகாது"ன்னு நாந்தானே சொல்லித் தடுப்பேன். பேச முடியாததால தெரியாம வாங்கிட்டா போலன்னு எந்திரிச்சுப் போயி தடுக்கப் பாத்தேன். டிங்குன்னுட்டாங்க. அவ என்னைப் பாத்துட்டே டம்ளரை அண்ணாந்து குடிச்சா. கீழ வெக்கறப்ப ஒரு சொட்டு இல்ல.

நான் நேரா அந்த அம்மா ரூமுக்குப் போயிட்டேன். என் சம்சாரத்துக்கு உடம்புக்கு என்னமோ ஆயிருச்சுங்க, சிரிக்கறா, இனிப்புச் சாப்பிடறான்னு சொன்னேன். அவங்க கேட்டுட்டு, நீங்க அவங்ககிட்டப் பேசுவீங்களான்னாங்க. பொழுதன்னிக்கும் பேசிட்டுதான் இருப்பேன், ஒரு குறை வெச்சதில்லீன்னு சொன்னேன். அப்ப அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க.

"அவங்க உங்ககிட்டக் கடைசியா என்ன சொன்னாங்க?"

இது நியாயமான கேள்விங்களா? பரீட்சையில பாடத்துல இல்லாததைக் கேக்கற மாதிரி. நான் எவ்வளவோ யோசிச்சேன். பொள்ளாச்சிலருந்து கெளம்புன பஸ்ஸெல்லாம் ஞாபகம் வருது, அவ சொன்னது ஒண்ணும் வரல. கடைசில "இட்லி ஆறுது"ங்கறதுதான் வந்துச்சு. அதையே சொன்னேன். அந்த அம்மா, ஆறத்தான் செய்யும்னாங்க. படிச்சவங்கதான், ஆனா சில நேரம் சம்பந்தமில்லாமப் பேசறாங்க.

அந்தக் கேள்வி என்னை விடல. மறுநாள் முழுக்க மாட்டுகிட்டப் போயி அதைப் பத்தியேதான் பேசிட்டிருந்தேன். அவ என்னென்ன சொன்னான்னு ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்திப் பாத்தா எல்லாத்துலயும் நாந்தான் பேசிட்டிருக்கேன். பனி எறங்கறது கூடத் தெரியாமப் பேசியிருக்கேன். தாகத்துக்குக் கெணத்துத் தண்ணிய வேற அள்ளி அள்ளிக் குடிச்சேன், ஐஸாட்ட இருந்துச்சு. கடைசி நாள் காலையில எந்திரிச்சு வாயத் தொறக்கறேன், காத்துதான் வருது. சுத்தமா அடைச்சுப்போச்சு. ஒரு "க்" கூட இல்ல.

வேற நாளா இருந்தாப் பரவால்ல. அன்னிக்குத்தானுங்க மணிய அடிச்சு எல்லாரையும் பேச விடற நாள். வட்டமா உக்கார வெச்சு ஒவ்வொருத்தரையும் அனுபவம் சொல்லச் சொன்னாங்க. நான் மனசுக்குள்ள முன்னுரை, நடு, முடிவுரைன்னு எல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். என் முறை வந்தப்ப தொண்டையத் தொட்டுக் காட்டுனேன். ரைஸ்மில்காரரு கை தட்டிட்டாரு. மனுசனுக்கு அவ்வளவு மரியாதை எம்மேல.

அடுத்தது தெய்வானை. அவ என்ன பேசப்போறா, "நல்லா இருந்துச்சுங்க"ன்னு உக்காந்துக்குவான்னு நினைச்சேன். அவ முந்தானைய இழுத்துச் சொருகிட்டு நிமிந்து உக்காந்தா.

"நான் டெலிபோன் ஆபீசுல இருந்தவளுங்க. ஊர்ல அத்தனை பேரு பேச்சும் என் காது வழியாத்தான் போச்சு. லைன்னா ரெண்டு பக்கம் இருக்கோணும். ஒரு பக்கம் மட்டும் பேசுச்சுன்னா அது டெலிபோன் இல்ல, மைக்கு. மைக்குகிட்டப் போயி யாரு என்ன சொல்ல முடியும்?"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் எதுக்கும் பின்னால திரும்பிப் பாத்துக்கிட்டேன்.

அவ நிறுத்தல. கல்யாணத்துக்கு முன்னாடியே இவரு குரல் எனக்குத் தெரியும்னா. ஆபீசு போறதுக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கறப்ப அந்தக் குரல் குழந்தைகளைக் கையில புடிச்சுக்கங்க, அவசரப்படாம ஏறுங்கன்னு சொல்லுமாம். இவ்வளவு அக்கறையாப் பேசற மனுசன் யாருன்னு நினைச்சுக்குவாளாம். தம்பி, இது எனக்குத் தெரியவே தெரியாதுங்க. அத்தனை வருசத்துல சொன்னதே இல்ல. எப்பச் சொல்றதுன்னு நீங்க நினைக்கறீங்க, தெரியுது. அதையும் அவளே சொன்னா.

"நல்ல குரலுங்க. இப்பவும் நல்ல குரல்தான். நிறுத்தறதுக்குத்தான் பொத்தான் இல்ல. அதனால நான் இங்கயே இருந்துக்கலாம்னு பாக்கறேன்."

பேச வேண்டிய நேரம்னா அதுதானே? வாயத் தொறந்தேன், புஸ்ஸுன்னு சைக்கிள் டியூபாட்டக் காத்து. வேற வழியில்லாம எந்திரிச்சு நடுவுல போயி நின்னு கையால சொல்ல ஆரம்பிச்சேன். என்னைத் தொட்டுக் காட்டி, அவளைக் காட்டி, ரோட்டைக் காட்டி, ஸ்டீயரிங் புடிக்கற மாதிரி ஓட்டிக் காட்டுனேன். ஒருத்தருக்கும் புரியல. தெய்வானைதான் எடுத்துச் சொன்னா.

"வீட்டுக்கு வான்னு கூப்புடறாருங்க."

சரியாச் சொன்னா. எனக்கு தைரியம் வந்துச்சு. வயித்தைத் தட்டி, வாயில கை வெச்சு, கைய விரிச்சுக் காட்டுனேன். நீ இல்லீன்னா எனக்கு யாரு ஆக்கிப் போடுவான்னு அர்த்தம். அதையும் அவதான் எடுத்துச் சொன்னா.

"இனிமேக் காலைப் பலகாரம் அவரே செய்யறேங்கறாரு."

கூட்டம் அப்படியே கை தட்டுது. ஐயையோ அது இல்லீன்னு ரெண்டு கையையும் வேகமா ஆட்டுனேன். காப்பி குடிச்சு முடிக்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாருன்னா. தலையில கை வெச்சுக்கிட்டேன். தலைமேல அடிச்சு சத்தியம் பண்றாருன்னா. ஈரோட்டுக்காரம்மா கண்ணைத் தொடைச்சுக்கறாங்க. போதும் தாயே நிறுத்துன்னு ரெண்டு கையும் கூப்பிக் கும்பிட்டேன். அதைப் பாத்ததும் அந்த மங்கையர்க்கரசி அம்மாவே, இவ்வளவு தூரம் எறங்கி வர்றாரே, போய்ப் பாருங்கம்மான்னு சொல்லிட்டாங்க. தெய்வானை உதட்டோரம் என்னமோ ஆடுச்சு. அழுகைய அடக்கறா போலன்னு நினைச்சுக்கிட்டேன். அப்பறம், போய்ப் பாக்கறேங்கன்னு எந்திரிச்சு பைய எடுத்தா.

அவளுக்கு சைகை பாஷை சுத்தமாத் தெரியல தம்பி. ஆயுசுக்கும் காதுலயே வேலை பாத்தவ, கண்ணால பாத்துப் புரிஞ்சுக்கற பழக்கமில்ல. ஆனா அத்தனை பேரு முன்னால வாக்குன்னு ஆகிப்போச்சு. நான் வாக்குத் தவறாதவன்.

வீட்டுக்கு வந்து மறுநாள் நாந்தான் இட்லி ஊத்துனேன். மாவு ஊத்தறதுக்கு முன்னால தட்டுல எண்ணெ தடவோணுமாம், அது எனக்கு யாரும் சொல்லல. சுரண்டி எடுத்தேன். அவ டேபிள்ல உக்காந்திருந்தா. முன்னால வெச்சேன். ஒரு வாய் தின்னா. தோளு குலுங்க ஆரம்பிச்சுருச்சு. அந்தப் பலாமரத்தடிச் சிரிப்புங்க, அதே சிரிப்பு, எங்கூட்டு டேபிள்ல. எனக்குக் கோபம் வந்திருக்கோணும். வரல. இன்னும் ரெண்டைச் சுரண்டி எடுத்துட்டு வந்து வெச்சேன், எதுக்கும் இருக்கட்டும்னு.

எனக்குப் பேச்சு வராததால வீட்டுல ஒரே நிசப்தம். அப்பத்தான் அவ பேச ஆரம்பிச்சா. மொதல்ல இட்லியப் பத்தி, அப்பறம் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைப் பத்தி, அப்பறம் டெலிபோன் ஆபீசைப் பத்தி. தம்பி, அவளுக்குள்ள இவ்வளவு சமாச்சாரம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. என்னை மாதிரியே பழனி பஸ்ஸைச் சொல்லிக் காட்டுனா பாருங்க, பஞ்சாமிர்தத்தோட. எனக்கே எந்திரிச்சு ஏறிரலாமான்னு இருந்துச்சு.

அதுல ஒரு கதை. உடுமலையில ஒரு மரக்கடைக்காரரு. வாராவாரம் கரூருக்கு ஒரு டிரங்க் கால் போடுவாராம், அங்க இருக்கற ஒரு டீச்சருக்கு. இவதான் லைன் குடுப்பா. அந்தம்மா ஹலோங்கும். இவரு தொண்டையக் கனைச்சுட்டு, அங்க மழையான்னு கேப்பாரு. இல்லீங்க, வெயிலுங்கும். அப்படீங்களா, இங்கயும் வெயில்தான்னு வெச்சுருவாரு. மறுவாரமும் அங்க மழையா. மாசக்கணக்கா இதேதான். கட்டிக்கறீங்களான்னு கேக்க வாய் வரல மனுசனுக்கு. அந்தம்மாவும் வெயிலுங்கறதை எப்படிச் சொல்லுமாம், என்னமோ அதுலயே சம்மதம் சொல்ற மாதிரி. நடுவுல கம்பிய வெச்சுக்கிட்டு இவளுக்குப் பதறுது. லைன்ல பேசறவங்க நடுவுல ஆபரேட்டர் வாயத் தொறக்கவே கூடாதாம், வேலை போயிரும். ஒரு வியாழக்கிழமை இவளால பொறுக்க முடியல. அவரு தொண்டையக் கனைக்கறாரு, அந்தம்மா ஹலோங்குது, இவ லைனுக்குள்ள போயி...

அந்த இடத்துல குக்கர் விசிலடிச்சுதுன்னு எந்திரிச்சுப் போயிட்டா. வந்து வேற கதைய ஆரம்பிச்சுட்டா. மறுநாளு அதே இடம் வரைக்கும் வந்தா, பால்காரன் வந்துட்டான். அவளுக்குக் கதை சொல்ற ஒழுங்கு தெரியல, பழக்கமில்லல்ல. நடுவுல நடுவுல மரக்கடைக்காரரோட தங்கச்சி கல்யாணம், தேக்கு மரம் எப்படி அறுக்கறதுன்னு எங்கெங்கயோ போயிட்டு வர்றா. எனக்கு ராத்திரி படுத்தாத் தூக்கம் வர மாட்டேங்குது. அவ என்ன சொன்னா? கட்டிக்கிட்டாங்களா இல்லையா? வாயத் தொறந்து கேக்கவும் முடியல.

முடியலைன்னா, இப்ப முடியும். அதுதான் உங்ககிட்டப் பேசிட்டிருக்கேனே. போன மாசமே குரல் வந்துருச்சுங்க. மாடியில வடகம் காயப் போட்டிருந்துச்சு, காக்கா வந்து கொத்துச்சு. "ஏய்"னு ஒரு சத்தம் போட்டேன். அப்படியே கணீர்னு, பஸ் ஸ்டாண்டுக் குரல், தெருவே திரும்பிப் பாத்துச்சு. எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. அடுத்த நிமிசமே பகீர்னு ஆயிருச்சு. குரல் வந்துருச்சுன்னு தெரிஞ்சா அவ பேச்சை நிறுத்திட்டு "சரிங்க"ன்னு ஆரம்பிச்சுருவாளே. மரக்கடைக்காரரு கதை என்ன ஆகறது? வாய மூடிக்கிட்டுக் கீழ எறங்கி வந்தேன். மேல யாரோ மைக்குல சத்தம் போட்டாப்பல இருந்துச்சேன்னா. நான் தலையாட்டுனேன், இல்லைன்னு. அப்ப கோயில் ரேடியோவா இருக்கும்னுட்டு வெங்காயம் நறுக்கப் போயிட்டா. நல்லவேளை, அவளுக்குக் கொஞ்சம் காது மந்தம் போல. அத்தனை வருசம் அந்த ஹெட்போனைக் காதுல மாட்டியிருந்தால்ல.

அதுலருந்து இன்னும் ஊமையாத்தான் இருக்கேன். கஷ்டந்தான். போன வாரம் ஒரு அருமையான வாழ்க்கைப் பாடம் தோணுச்சு, நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, முழுங்கிட்டேன். சாயங்காலம் யோசிச்சுப் பாத்தா மறந்தே போச்சு. மறந்ததும் ஒண்ணும் குறைஞ்ச மாதிரி இல்ல. அது ஏன்னு தெரியல.

இந்த டாக்டர்கிட்ட அவதான் கூட்டியாந்தா. போன தடவை டாக்டர் லைட் அடிச்சுப் பாத்துட்டு, குரல் நாண் அருமையா இருக்குதே, "ஆ" சொல்லுங்கன்னாரு. கரகரன்னு ஒரு மாதிரி சொல்லி வெச்சேன். டாக்டர் என்னைப் பாத்தாரு, அவளைப் பாத்தாரு. அவ சொல்றா, "அவசரம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். மெதுவா சரியானாப் போதும். இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆனாலும் பரவால்ல." எவ்வளவு பொறுமை பாருங்க எம்மேல. வேற பொம்பளையா இருந்தா இந்நேரம் பதறியிருப்பா. டாக்டர் வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்புளிக்கச் சொல்லிட்டு, ஏனோ மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. சிரிச்சாப்பல இருந்துச்சு. சின்ன வயசு டாக்டர், இன்னும் தொழில்ல அனுபவம் பத்தல.

இப்பவும் அவ கூடத்தான் வந்திருக்கறா. எதிர்ல பேக்கரிக்குப் போயிட்டு வர்றேன்னு போனா. தேங்காபன் வாங்கப் போயிருக்கா. அவளுக்கு இனிப்பு புடிக்கும் தம்பி, ரொம்பப் புடிக்கும்.

அதா, ரோட்டைத் தாண்டி வர்றா பாருங்க, பச்சைச் சேலை. இனி நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்களும் காட்டிக் குடுத்துராதீங்க, உங்களால பேச முடியாது, அது ஒரு வசதி. காலையில பஸ்ஸுல வர்றப்ப மறுபடியும் அந்த வியாழக்கிழமை வரைக்கும் வந்துட்டா. மரக்கடைக்காரரு தொண்டையக் கனைச்சுட்டாரு, அந்தம்மா ஹலோன்னுருச்சு, அப்பத்தான் நம்ம ஸ்டாப் வந்துருச்சு. இப்ப வந்து உக்காந்ததும் ஆரம்பிப்பா. அந்தப் பையக் கீழ வெச்சுட்டு இப்படி நகந்து உக்காருங்க. இங்கிருந்தா உங்களுக்கும் நல்லாக் கேக்கும்.